பீரோவுக்குப் பின்னால் விண்மீனிடை வெளி

இயேசு மரி சூசை துணை

திருநகர், மதுரை.
அக்டோபர் மாத ஞாயிறு, முதல் பூசை முடிந்து வந்தபின்.

கே.கே. நகரில் வசிப்பவரும், தாலுகா அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவரும், காலஞ்சென்ற என் மனைவி ஆனிமேரியின் ஒரே தம்பியுமான திரு. சூசைமாணிக்கம் அவர்களுக்கு, அத்தான் இன்பசேகரன் எழுதுவது.

கடிதத்தின் தலையில் மூன்றாவதாக உள்ள பெயரை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. அந்தச் சூசையப்பர் வேறு, நீ வேறு, அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதாக வேதத்தில் எங்கும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் எழுதி முடித்தேன். 'நலம், நலமறிய ஆவல்' என்ற வரியை விட்டுவிட்டேன். நான் நலம் என்றால் பொய். உன் நலமறிய ஆவல் என்றால், "அத்தான் இறங்கி வந்துட்டாரு" என்று உன் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்வாய். உன் சம்சாரத்தின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அவள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. உன்னை வழக்கம்போல 'மாப்ள' என்று இந்தக் கடிதத்தில் கூப்பிடுவதாகவும் இல்லை. உன் அக்காவுக்குக் கல் நடுகிறவரை அந்த வார்த்தையை எடுத்து வைத்திருக்கிறேன்.

திருநகருக்கும் கே.கே. நகருக்கும் நடுவில் ஒரு பஸ் மாறினால் போதுமே, அதற்குப் போய்த் தபாலா என்று கேட்பாய். நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. நீ கூப்பிட்டால் நான் எடுத்து, பேசாமல் வைத்துவிடுகிறேன். நேரில் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசுகிறோம். ஆகவே தபால்தான் தோது. இதில் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், பங்குச்சாமியார் காதில் விழ, பூக்காரம்மா காதில் விழ, நீ என்ன சொன்னாய்? "அத்தான், எங்க அக்காவுக்குக் கல்லு வைக்க விடாம ஒத்த வார்த்தையைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கீங்க. அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அதை உலகத்துல எவனும் சொல்லுறதும் கிடையாது." இப்படித்தானே? கல்லறைத் திருநாள் வந்துவிட்டது. எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூப்போட்டு மெழுகுதிரி ஏற்றப்போகிறார்கள். உன் அக்காவுக்கு மட்டும் இன்னும் மண்மேடும் மரச்சிலுவையும்தான். மழைக்கு அந்த மேடும் ஒரு பக்கம் உட்கார்ந்துபோயிருக்கிறது. நீ பார்த்ததை நானும் பார்த்தேன். வாடிப்பட்டிப் பக்கம் அழகுபாண்டி பட்டறையில் கல் தயாராகக் கிடக்கிறது. பெயர் கொத்தியாயிற்று. 'மண்ணில்' என்று போட்டு அவள் பிறந்த தேதியும் கொத்தியாயிற்று. அடுத்த வரிதான் நிற்கிறது. ஊர் வழக்கப்படி 'விண்ணில்' என்று போட்டு இறந்த தேதியைப் போடச்சொல்கிறாய் நீ. 'விண்மீனிடை வெளியில்' என்று போடச்சொல்கிறேன் நான். உன் குற்றச்சாட்டு இரண்டு: அர்த்தம் இல்லை, சொல்லுவார் இல்லை. பள்ளிக்கூடத்தில் முப்பத்துச்சொச்சம் வருஷம் பிசிக்ஸ் நடத்தியவன் நான். இரண்டுக்கும் விடை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் பொருள். வானத்தில் ஒரு விண்மீனுக்கும் அடுத்த விண்மீனுக்கும் இடையில் கிடக்கும் வெளிக்கு விண்மீனிடை வெளி என்று பெயர். நம் சூரியனும் ஒரு விண்மீன்தான். பூமி, செவ்வாய், வியாழன் எல்லாம் அதன் காம்பவுண்டுக்குள் குடியிருப்பவர்கள். சூரியனிலிருந்து ஒரு காற்று வீசிக்கொண்டே இருக்கிறது, அது எதுவரைக்கும் தள்ளிக்கொண்டு போகுமோ அதுவரைக்கும் சூரியனுடைய பட்டா நிலம் என்று வைத்துக்கொள். அதைத் தாண்டினால் அடுத்த விண்மீனின் எல்லை வரைக்கும் யார் பெயரிலும் பட்டா இல்லாத இடம். தாலுகா அலுவலகத்தில் ஆயுளைக் கழித்த உனக்குப் புறம்போக்கு என்றால் புரியும். அந்தப் புறம்போக்கைக் கடந்து பக்கத்து விண்மீனுக்குப் போக வெளிச்சத்துக்கே நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சரி, அங்கே ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ரொம்ப மெல்லிசாக வாயு இருக்கிறது, தூசி இருக்கிறது. செத்துப்போன விண்மீன்கள் உதிர்த்ததெல்லாம் அங்கேதான் போய்ச் சேருகிறது. அதுவே நாளாவட்டத்தில் திரண்டு இன்னொரு விண்மீன் பிறக்கிறது. இது நான் சொல்வதில்லை, எந்தப் பாடப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பார். இப்போது உன் 'விண்ணில்' என்பதை எடுத்துக்கொள். என் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தொடங்கி எல்லாமே விண்தான். பருந்து பறப்பதும் விண், பட்டம் பறப்பதும் விண். 'மதுரை மாவட்டம்' என்று மட்டும் விலாசம் எழுதித் தபால்பெட்டியில் போட்டால் கடிதம் யார் கைக்குப் போய்ச் சேரும்?

அடுத்தது பயன்பாடு. இங்கேதான் உனக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் நியாயமில்லை, ஏனென்றால் அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள்ளேயே புழங்கியது. உன் அக்கா எங்கள் பள்ளிக்கூட ஆபிஸில் டைப்பிஸ்டாக இருந்தவள். கேள்வித்தாள் எல்லாம் அவள் கையால்தான் வரும். எனக்கும் அவளுக்கும் கல்யாணமான புதிது. ஒரு அரையாண்டுத் தேர்வுக்கு 'விண்மீனிடை வெளி - சிறுகுறிப்பு வரைக' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவளுக்கு அர்த்தம் தெரியாத வார்த்தையை டைப் அடிக்க மாட்டாள். மாவு பிசைந்துகொண்டே கேட்டாள், "அது என்னங்க, சும்மா கிடக்குற இடமா?" சும்மா இல்லை, தூசியும் வாயுவும் இருக்கிறது, யாரும் போய் வர முடியாது, ஆனால் அதில்லாமல் எதுவும் உண்டாகாது என்று சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம பீரோவுக்குப் பின்னாடி மாதிரி" என்றாள். எங்கள் படுக்கையறை இரும்பு பீரோ உனக்குத் தெரியும், உன் அப்பா சீதனமாகக் கொடுத்தது, நாலு ஆள் சேர்ந்து ஏற்றி வைத்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையாத ஒரு சந்து உண்டு. அன்றிலிருந்து அந்தச் சந்துக்கு அதுதான் பெயர். "என் ஹேர்பின் விண்மீனிடை வெளியில விழுந்துருச்சு." "உங்க பேனா மூடியைத் தேடாதீங்க, விண்மீனிடை வெளிக்குப் போயாச்சு." ஜெபமாலையிலிருந்து அறுந்த மணி, கரண்டு பில் அட்டை, நீ துபாயிலிருந்து வந்தவனிடம் வாங்கிக்கொடுத்த சென்ட் பாட்டிலின் மூடி, எல்லாம் அங்கேதான். நான் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். "விடுங்க, தொலைஞ்சா போச்சு? கை எட்டல, அம்புட்டுத்தான். இருக்குற இடம் தெரியுதுல்ல" என்பாள். உலகத்தில் எவனும் சொல்வதில்லை என்றாயே, என் வீட்டில் ஒருத்தி வாரத்துக்கு இரண்டு தடவை சொன்னாள்.

கடைசியாக அங்கே விழுந்தது அவள் மூக்குக்கண்ணாடி. மூச்சுத் திணறல் அதிகமாகி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்றைக்குக் காலையில், பீரோ மேல் வைத்திருந்த ஃபைலை நான் அவசரமாக உருவினேன், கண்ணாடி பின்னால் போய்விட்டது. ஆட்டோ வாசலில் நிற்கிறது. நான் பீரோவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து, "விடுங்க, எங்க போயிரப்போகுது, வந்து எடுத்துக்கலாம்" என்றாள். அவள் வரவில்லை. அடக்கத்தன்று சவப்பெட்டியை மூடப்போகும்போது நீதான் என் தோளைத் தொட்டு, "அக்கா கண்ணாடி எங்க அத்தான்?" என்று கேட்டாய். நான், "விண்மீனிடை வெளியில" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு உன் சம்சாரத்திடம் போய், "அத்தானுக்குப் புத்தி தடுமாறிப்போச்சு, பார்த்துக்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. புத்தி தடுமாறவில்லை. நீ கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொன்னேன். உனக்குத்தான் பாஷை தெரியவில்லை. அதற்கு உன்னைக் குற்றம் சொல்லவும் முடியாது. என் துக்கம் என்னவென்றால், அந்தப் பாஷை தெரிந்த இன்னொரு ஆள் இப்போது உலகத்திலேயே இல்லை. நான் வீட்டுக்குள் என்ன சொன்னாலும் எனக்கு மட்டும்தான் புரிகிறது.

பிளக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். முப்பதாம் நாள் பூசைக்கு நான் உன் அக்காவைக் கேலிப்பொருளாக்கிவிட்டேன் என்பது உன் ஆதி வருத்தம், இந்தக் கல் சண்டை அதன் வால். நடந்ததை முழுதாகக் கேள். திருநகர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் பிளக்ஸ் அடிக்கிற ராம்கி என்னிடம் படித்தவன். நம்ம ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், ஆளைச் சும்மா நிற்க வைத்து அடிக்க மாட்டார்கள். காதுகுத்துக்கு வருகிற தாய்மாமன் குதிரையில் ஏறி வாளோடு வருவார், வார்டு உறுப்பினர் சிங்கத்தோடு நடந்து வருவார். அது தெரிந்தும் நான் ராம்கியிடம் போட்டோவைக் கொடுத்து, 'விண்மீனிடை வெளியில் ஆனிமேரி' என்று எழுத்து, பின்னால் கறுப்பு வானம், நாலு விண்மீன், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பால் வாங்கப் போகிறேன். பத்தடி உயரத்துக்கு உன் அக்கா விண்வெளி உடுப்புப் போட்டு, தலையில் கண்ணாடிக் குடத்தைக் கவிழ்த்தமாதிரி ஹெல்மெட்டோடு, கையைத் தூக்கி டாட்டா காட்டிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் பூமி, பின்னால் ராக்கெட். டீக்கடையில் கேட்கிறார்கள், "ஆபிஸ் அம்மா ராக்கெட்டுல போனாங்களா சார், சொல்லவே இல்ல?"

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராம்கி கடைக்குப் போனேன். முதலில் உடுப்பைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை, பூமியைப் பற்றித்தான் கேட்டேன். "ஏன்டா, விண்மீனிடை வெளியில இருந்து பார்த்தா பூமி இம்புட்டுப் பெருசாவா தெரியும்? நான் நடத்துன லட்சணமா இது? இந்த உடுப்புப் போட்டவங்க ஏறிப்போய்க் குடியிருக்கிற உயரம் மதுரையிலிருந்து சென்னைக்குப் போற தூரம்கூட இல்லடா. விண்மீனிடை வெளிக்கு இதுவரைக்கும் மனுசன் எவனும் போனது கிடையாது." அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான், "சார், கோவிச்சுக்காதீங்க. அங்க காத்தே கிடையாதுன்னு நீங்கதான் சார் கிளாஸ்ல சொன்னீங்க. அம்மா எப்படி சார் மூச்சு விடுவாங்க? அதான் ஹெல்மெட்டு வச்சு, பின்னாடி சிலிண்டரும் வச்சேன்."

சூசை, நான் அவன் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடைசி வாரம் மூச்சுக்கு அவள் பட்ட பாட்டை நீயும் பார்த்தாய். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரி இறைத்தாள். டாக்டர் யோசித்தார், நர்ஸ் யோசித்தாள், நான் பிசிக்ஸ் படித்தவன், எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்தப் பயல் ஒருத்தன்தான் அவள் போன பிறகும் அவள் மூச்சைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறான். அதைக் கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பூசைக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கி அதைப் பார்த்துவிட்டு, கறி விருந்தில் கை நனைக்காமல் போனாய். நான் உன்னிடம் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று இருந்தது, கறிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதால் நன்றாக இருக்காது.

அதன்பிறகு தினமும் பால் வாங்க அந்த வழியாகத்தான் போனேன். பால்கடை எங்கள் தெருவிலேயே இருக்கிறது, இருந்தாலும் அந்த வழியாகப் போனேன். ஒருநாள் பிளக்ஸைக் காணோம். சட்டம் மட்டும் நிற்கிறது. ராம்கியைக் கேட்டால், "பழசைக் கழட்டிச் சந்தைக்குக் கொண்டுபோயிருவாங்க சார், சாக்குக்கு, மூடாக்குக்கு ஆகும்ல" என்றான். வெங்காயத்தின் மேலோ வைக்கோலின் மேலோ உன் அக்கா கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நாலைந்து சந்தைக்குப் போய் ஒவ்வொரு குவியலாகப் பார்த்தேன். ஒரு தேங்காய்க்காரர், "சார் என்ன தேடுறீங்க?" என்றார். சம்சாரத்தை என்று சொன்னேன். அவர் மைக்கில் அறிவிக்கச் சொல்லிவிட்டார். பச்சைச் சேலையா, சிவப்புச் சேலையா என்று மைக்கில் கேட்கிறார்கள், விண்வெளி உடுப்பு என்று நான் எப்படிச் சொல்வேன்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை அழகுபாண்டியைப் பார்க்க வாடிப்பட்டி பஸ்ஸில் போனேன். நீ எழுதிக்கொடுத்த காகிதமும் நான் எழுதிய காகிதமும் ஒரே மஞ்சப்பையில். மேம்பாலத்தில் பஸ் ஏறி, முன்னால் லாரி நின்றதால் நின்றது. ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறேன். கருவேல மரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுக்கொட்டகை. அதன் கூரை மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி, எனக்கு டாட்டா காட்டுகிறாள் உன் அக்கா. நான் எழுந்து, "இறக்கி விடுப்பா, என் வீட்டுக்காரி" என்று கத்தியிருக்கிறேன். கண்டக்டர், "மேம்பாலத்துல ஸ்டாப்பிங் கிடையாது பெரியவரே" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன்.

கொட்டகைக்காரி பெயர் ஒச்சம்மாள். தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஆடு பார்க்க வந்தீகளா சார்?" என்றாள். கூரையைக் காட்டினேன். "அதுவா, எங்க மருமகன் சந்தையில எடுத்தாந்தது. நல்ல கனத்த பிளக்ஸு சார், பொட்டுத் தண்ணி ஒழுகல. மொத மூஞ்சியை உள்ளபக்கமா போட்டோம், ஆடுக அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டுத் தழை கடிக்க மாட்டேன்னுருச்சுக. அப்புறம் மேல்பக்கமா திருப்பிப் போட்டோம். யாரு சார் இந்தம்மா, ராக்கெட்டுல போனவகளா?" என் சம்சாரம் என்றேன். "அப்படியா சார். இப்ப எங்க இருக்காக?"

கேட்டாள் பார், அந்தக் கேள்வியை. உன் 'விண்ணில்' வாயில் வரவில்லை. என்னுடையதும் வரவில்லை. பையில் இரண்டு காகிதத்தையும் வைத்துக்கொண்டு கூரையைத்தான் பார்த்தேன். பிறகு, "இல்லம்மா" என்றேன். அவள் தழையைக் கீழே போட்டுவிட்டு வாயில் கைவைத்தாள். "தெரியாம ஆட்டுக்குப் போட்டு வச்சிருக்கோமே சார். எடுத்துக்கிட்டுப் போயிருங்க, ஏணி தாரேன்" என்றாள். எழுபது தாண்டியவன், ஆட்டுக்கொட்டகையில் ஏணி வைத்து ஏறினேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஹெல்மெட் மேல் மழைத்தண்ணீர் தேங்கி, கருவேல இலை விழுந்து, காக்கை எச்சமிட்டு வைத்திருக்கிறது. துண்டை எடுத்துத் துடைத்தேன். சூசை, அவள் போன பிறகு அவள் முகத்தில் என் கை பட்டது அன்றைக்குத்தான். கீழே பார்த்தால், வெள்ளாடு ஒன்று என் மஞ்சப்பைக்குள் தலையை விட்டு மென்றுகொண்டிருக்கிறது. நான் ஏணியிலிருந்து இறங்கி வருவதற்குள் உன் காகிதம், என் காகிதம், பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று என்னைப் பார்த்தது. ஒச்சம்மாள் அதைத் திட்டிவிட்டு, வானத்தைப் பார்த்து, "மழை கட்டி நிக்குது சார். மாத்து மூடாக்கு இல்ல. ஒரு ஆடு வேற ஈனுற பதத்துல இருக்கு. ரெண்டு நாள் பொறுத்து எடுத்துக்கிறீகளா?" என்றாள். சரி என்று வந்துவிட்டேன்.

ஆகவே, திரு. சூசைமாணிக்கம் அவர்களே, இதன்மூலம் உமக்குத் தெரிவிப்பது என்னவென்றால்: உன் மகன் மெர்வினிடம் லோடு வண்டி இருக்கிறது. அவனை ஒரு தார்ப்பாயோடு அனுப்பி, ஒச்சம்மாளிடம் அதைக் கொடுத்துவிட்டு உன் அக்காவை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்கு மேலே அவளை விட்டுவைக்க என்னால் முடியாது. கல்லில் நான் சொன்ன வரிதான் போக வேண்டும், அதில் ஒரு எழுத்து குறையக்கூடாது. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பீரோவை நகர்த்த வேண்டும் என்று நீ சொல்லி அனுப்பியதற்கும் இதிலேயே பதில்: நான் உயிரோடு இருக்கிறவரை அந்த பீரோவில் யாரும் கை வைக்கக்கூடாது. உனக்கு இதெல்லாம் சம்மதம் இல்லையென்றால் கல்லறைத் திருநாளுக்கு நீ தனியாக வா, நான் தனியாக வருகிறேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் நீ நில், இந்தப் பக்கம் நான் நிற்கிறேன்.

உனக்கும் உன் சம்சாரத்துக்கும் மெர்வினுக்கும் ஆண்டவர் நல்ல சுகம் கொடுப்பாராக. உன் சர்க்கரை ஏறாமல் காப்பாராக. உன் நாவுக்கு மட்டும் பரலோகத்திலிருந்து ஒரு சம்மனசை இறக்கிக் காவல் போடுவாராக.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்,
இன்பசேகரன்.

பின்குறிப்பு: இதை எழுதி ஒட்டி வைத்தேன், இப்போது பிரித்துச் சேர்க்கிறேன். மழை பிடித்துக்கொண்டதால் தபால்பெட்டிக்குப் போகவில்லை. விடாமல் அடித்த மழை. ஜன்னலில் நின்றுகொண்டு அந்தக் கொட்டகையையே நினைத்துக்கொண்டிருந்தேன். மழை வெறித்ததும் பொறுக்க முடியாமல் நானே ஒரு தார்ப்பாயை வாங்கிச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஒச்சம்மாள் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஊரெல்லாம் சேறு, அந்த இடம் மட்டும் காய்ந்து கிடக்கிறது. "உங்க வீட்டம்மாதான் சார் காப்பாத்தினாக" என்றாள். தார்ப்பாயை அவளிடமே கொடுத்துவிட்டேன், தழை மூடுவதற்கு ஆகுமாம். உன் அக்கா அங்கேயே இருக்கட்டும். மெர்வின் வண்டி வேண்டாம்.

அங்கிருந்து அழகுபாண்டி பட்டறைக்குப் போனேன். "காகிதம் கொண்டாந்தீகளா சார்?" என்றான். ஆடு தின்றுவிட்டது என்றேன். அவன் உளியை எடுத்துக்கொண்டு, "வாயால சொல்லுங்க" என்றான். 'விண்ணில்' என்று சொன்னேன். நீ கேட்டது அதுதான். எனக்கு அவள் இருக்கிற இடம் தெரியும், கல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நீ வந்து நிற்கும்போது உனக்கு உன் அக்கா தெரிய வேண்டும். உனக்குப் படிக்கத் தெரிந்த பாஷையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. நான் கிளம்பும்போது ஒச்சம்மாள் கூரையைப் பார்த்து, "ராத்திரி மழை விட்டா வானம் பூரா வெள்ளியா கெடக்கும் சார், அம்புட்டையும் பார்த்துக்கிட்டுக் கெடப்பாக" என்றாள். பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. போட்டோ எடுக்கிறபோதெல்லாம் உன் அக்கா கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். அந்தப் படத்திலும் கண்ணாடி இல்லை. பெட்டியிலும் இல்லாமல்தான் அனுப்பினோம். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எதிரே நிற்கிற பஸ்ஸின் நம்பரே தெரியாது. தினமும் காலையில் என் வேட்டி முனையில் துடைத்து நான்தான் அவள் கையில் கொடுப்பேன்.

அதனால் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலையிலேயே வந்துவிடு. கண்ணாடி எங்கே என்று நீ கேட்டாயே, எடுத்துக் கொண்டுபோய்க் கல்லறையில் அவளிடம் வைத்துவிட்டு வரலாம். துடைக்கிற வேலை என்னுடையது, நீ தொடாதே. பீரோவுக்கு ஒரு பக்கம் நீ பிடித்தால் போதும். எனக்குத் தனியாக முடியவில்லை, மாப்ள.